சண்டை போட்டதற்குச் சாட்சி எங்கே? 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் படைவீரர், விதவை ஓய்வூதியம்: கேள்வி-பதில்

பிரிட்டனை எதிர்த்து நடந்த அமெரிக்க விடுதலைப் போர் 1783-ல் முடிந்தது. உடலில் ஊனம் இல்லாமல் வீடு திரும்பிய சாதாரணச் சிப்பாய்க்கு மத்திய அரசின் ஓய்வூதியம் கிடைக்க அதன்பின் 35 ஆண்டு ஆனது. அவன் மனைவியின் முறை வர 53 ஆண்டு. அதற்குள் பெரும்பாலோர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிஞ்சியவர்கள் தடியூன்றி நீதிமன்றப் படி ஏறி, ஐம்பது ஆண்டுக்கு முந்தைய கதையைச் சத்தியம் செய்து சொன்னார்கள். அந்த மனுக்களைப் பற்றியும், பின்னால் வடமாநிலங்களும் தென்மாநிலங்களும் மோதிய உள்நாட்டுப் போரின் (1861–65) மனுக்களைப் பற்றியும் வாசகர்கள் வழக்கமாகக் கேட்பவற்றுக்கான பதில்கள் இவை. சட்டங்களை மட்டும் படித்தால் அரசு தாராளமாகத்தான் தெரியும். கோப்புகளைப் புரட்டினால்தான் சிக்கல் புரியும். பணம் சேவைக்குத்தான் என்றார்கள், ஆனால் கைக்கு வந்தது சான்று வைத்திருந்தவருக்கு.

போர் முடிந்த கையோடு ஏன் கொடுக்கவில்லை?

கொடுக்கப் பணமும் இல்லை, கொடுக்க வேண்டும் என்ற எண்ணமும் பரவலாக இல்லை.

ஊனமுற்றவர்களுக்கு மட்டும் தொடக்கத்திலேயே ஏற்பாடு இருந்தது. சுதந்திரப் பிரகடனம் வெளியான சில வாரங்களில், 1776 ஆகஸ்ட் 26-ல், கை கால் இழந்தவர்களுக்குப் பாதிச் சம்பளம் தருவதாக, மாநிலப் பிரதிநிதிகளின் அவையான காங்கிரஸ் தீர்மானித்தது. ஆனால் அந்தக் காங்கிரஸுக்கு வரி விதிக்கும் அதிகாரமே கிடையாது. எனவே தீர்மானம் மேலே, பணப் பொறுப்பு மாநிலங்களின் தலையில்.

அதிகாரிகள் கதை வேறு. போர் முடியும்வரை படையில் நிற்பவர்களுக்கு ஏழாண்டு பாதிச் சம்பளம் என்று 1778-ல் வாக்களித்தார்கள். அதை 1780-ல் ஆயுள் முழுவதற்கும் நீட்டினார்கள். அதே ஆண்டு, இறந்த அதிகாரிகளின் விதவைகளுக்கும் அனாதைக் குழந்தைகளுக்கும் ஏழாண்டுப் பாதிச் சம்பளம். இதைக் கேட்டு வடகிழக்கு மாநிலங்களான நியூ இங்கிலாந்துப் பகுதி கொதித்தது. ராஜா தன் ஆட்களுக்கு அள்ளிக் கொடுப்பதைப் போன்ற வழக்கத்தை ஒழிக்கத்தானே சண்டை போட்டோம் என்று கேட்டார்கள். கடைசியில், 1783-ல், ஆயுள் வாக்குறுதி ஐந்தாண்டு முழுச் சம்பளமாகச் சுருங்கியது. அதுவும் ரொக்கமாக அல்ல, கடன் பத்திரமாக.

சாதாரணச் சிப்பாய்க்குக் கிடைத்தவை சம்பளப் பாக்கிக்கான ஒரு பத்திரமும், 100 ஏக்கர் நிலம் தருவதாக ஒரு வாக்கும். ஊர் திரும்பும் வழியில் மாற்றுத் துணிக்கும் சாப்பாட்டுக்கும் அந்தப் பத்திரத்தை வந்த விலைக்கு விற்றவர்கள் ஏராளம். வாங்கிக் குவித்த வியாபாரிகள், பின்னாளில் அரசு முழு மதிப்பையும் கொடுத்தபோது கொழுத்தார்கள். சிப்பாயின் மனைவியைப் பற்றி யாரும் பேசவில்லை.

1818-ல் திடீரென்று எப்படி மனம் மாறியது?

மூன்று காரணங்கள் சேர்ந்து வந்தன. பிரிட்டனோடு நடந்த 1812 போர் முடிந்து நாட்டுப் பெருமிதம் உச்சத்தில் இருந்தது. கருவூலத்தில் உபரி இருந்தது. அதிபராக இருந்த ஜேம்ஸ் மன்றோ விடுதலைப் போரின் டிரென்டன் சண்டையில் தோளில் குண்டு வாங்கிய முன்னாள் படைவீரர்.

1818 மார்ச் 18 சட்டம் இரண்டு நிபந்தனைகள் வைத்தது. கான்டினென்டல் படையில், அதாவது நிரந்தரப் படையில், குறைந்தது ஒன்பது மாதமோ போர் முடியும்வரையோ இருந்திருக்க வேண்டும். இப்போது உதவி தேவைப்படும் நிலையில் இருக்க வேண்டும். சிப்பாய்க்கு மாதம் 8 டாலர், அதிகாரிக்கு 20. மிச்சமிருக்கும் கிழவர்கள் சில ஆயிரம் பேர்தான் என்று நினைத்துச் சட்டம் போட்டவர்களுக்கு, 20,000-க்கும் மேற்பட்ட மனுக்கள் வந்து குவிந்ததும் மூச்சு முட்டியது. அடுத்த ஆண்டே, 1819-ல், பொருளாதாரம் சரிந்தது. வசதியானவர்களும் வாங்குகிறார்கள் என்று பத்திரிகைகள் எழுதத் தொடங்கின.

ஏழை என்பதை எப்படி நிரூபித்தார்கள்?

1820 மே மாதச் சட்டம் இதற்காகவே வந்தது. ஏற்கெனவே ஓய்வூதியம் வாங்கிக்கொண்டிருந்தவர் உட்பட எல்லோரும் நீதிமன்றத்துக்கு வந்து, உடுப்பும் படுக்கையும் தவிர வீட்டில் இருப்பதை எல்லாம் பட்டியலிட்டுச் சத்தியம் செய்ய வேண்டும். சொத்தை மகன் பெயருக்கு மாற்றிவிட்டு வந்து நின்றால் அதையும் கேட்பார்கள். ஆயிரக்கணக்கானோர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள். சிலரை 1823-ல் மறுபடி சேர்த்தார்கள்.

இந்தப் பட்டியல்களைப் போல ஏழ்மையைக் கூசாமல் சொல்லும் ஆவணம் குறைவு. உடைந்த நாற்காலி, ஓட்டைக் கெட்டில், பழைய கோடரி என்று ஒவ்வொன்றுக்கும் சென்ட் கணக்கில் விலை போட்டிருப்பார்கள். கனெக்டிகட் படையில் சிறுவனாகச் சேர்ந்து போர் முடியும்வரை நின்ற ஜோசப் பிளம்ப் மார்ட்டின், மெய்ன் மாநிலத்தில் 1820-ல் சொன்ன கணக்கு இது: இரண்டு பசு, ஆறு ஆடு, ஒரு பன்றி. சொந்த நிலம் இல்லை. மனைவிக்கு முடக்குவாதம், வீட்டில் ஐந்து பிள்ளைகள். அவருக்கு ஆண்டுக்கு 96 டாலர் தொடர்ந்தது. பத்தாண்டு கழித்துத் தன் போர் அனுபவங்களைப் புத்தகமாக எழுதினார். சிப்பாய் நிலையிலிருந்து அந்தப் போரைப் பார்க்க விரும்புவோர் இன்றும் அதைத்தான் தேடுகிறார்கள்.

நாட்டுக்காகச் சண்டை போட்டவனை முதலில் பிச்சைக்காரன் என்று பொதுவில் ஒப்புக்கொள்ள வைத்துவிட்டுப் பிறகு கௌரவிக்கும் முறை இது. அன்றைக்கே பலருக்கு இது உறுத்தியது.

ஏழையாக இல்லாதவருக்கு ஒன்றுமே இல்லையா?

1832 வரை பெரும்பாலோருக்கு இல்லை. போர் முடியும்வரை நின்றவர்களுக்கு மட்டும் 1828-ல் முழுச் சம்பளம் தந்தார்கள். 1832 ஜூன் 7 சட்டம்தான் கதவை அகலமாகத் திறந்தது. ஏழ்மை நிபந்தனை போயிற்று. நிரந்தரப் படையோடு மாநிலப் படை, மிலிஷியா எனப்பட்ட ஊர்ப்படை, கடற்படை எல்லாமே கணக்கில் வந்தன. மொத்தம் இரண்டு ஆண்டு சேவை இருந்தால் ஆயுள் முழுவதும் முழுச் சம்பளம், சிப்பாய்க்கு ஆண்டுக்கு 80 டாலர். ஆறு மாதத்துக்குக் குறைந்தால் ஒன்றுமில்லை. இடைப்பட்டவர்களுக்கு விகிதப்படி: ஆறு மாதம் என்றால் 20 டாலர், ஒன்பது மாதம் என்றால் 30.

ஒரு மாதக் கணக்கு ஓய்வூதியத்தைக் கூட்டும் குறைக்கும் என்றானதால், எண்பது வயதுக் கிழவர் 1777-ல் ஒரு கோடைக்காலத்தில் எத்தனை வாரம் காவல் நின்றார் என்பது பணப் பிரச்சினையாகிவிட்டது. ஊர்ப்படைக்காரர்கள் பாடு இதில் மிகவும் மோசம். அவர்கள் தொடர்ந்து இருந்தவர்கள் இல்லை. விதைப்புக்குப் போய், அழைத்தால் வந்து, மறுபடி அறுப்புக்குப் போனவர்கள்.

நீதிமன்றத்தில் என்ன கேட்டார்கள்?

போர்த்துறை ஒரு கேள்விப் பட்டியலே அனுப்பியிருந்தது. எங்கே, எந்த ஆண்டு பிறந்தீர்? வயதுக்குப் பதிவு ஏதும் உண்டா? படையில் சேரும்போது எந்த ஊர்? தானாகச் சேர்ந்தீரா, கட்டாயமாக எடுத்தார்களா, அல்லது வேறொருவருக்குப் பதிலாளாகப் போனீரா? உம்மோடு இருந்த அதிகாரிகள் யார் யார்? படையிலிருந்து விடுவித்ததற்கான டிஸ்சார்ஜ் சீட்டு கொடுத்தார்களா, அது எங்கே? உம்மை நம்பலாம் என்று சொல்லக்கூடியவர்கள் ஊரில் யார்? கடைசிக் கேள்விக்கு ஊர்ப் பாதிரியாரும் இன்னொரு அக்கம்பக்கத்தாரும் வந்து, இவர் படையில் இருந்ததாக ஊரே நம்புகிறது என்று சாட்சி சொல்வது வழக்கம். நடக்க முடியாதவர் என்றால் நீதிபதி வீட்டுக்கே போய் எழுதிக்கொள்ளலாம்.

பலருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. குமாஸ்தா எழுதுவார், அடியில் இவர் ஒரு பெருக்கல் குறி போடுவார். அதனால் கோப்புகளில் இரண்டு குரல் கேட்கும். முதுமையாலும் மறதியாலும் சேவைக் காலத்தைத் துல்லியமாகச் சொல்ல இயலவில்லை என்ற வரி மனுவுக்கு மனு மாறாமல் வரும். அது குமாஸ்தாவின் வாய்ப்பாடு. திடீரென்று நடுவில், ஆற்றைக் கடந்த இரவு எவ்வளவு குளிர் என்றோ, பசிக்கு எதைத் தின்றோம் என்றோ ஒரு வரி வந்து விழும். அது கிழவருடையது.

தேதியைக் கேட்டால் பலரால் சொல்ல முடியாது. அறுப்புக்கு முன், பெரும்பனி பெய்த குளிர்காலம், பிரிட்டிஷ் தளபதி பர்கோய்ன் சரணடைந்த பிறகு என்றுதான் சொல்வார்கள். அந்தச் சொல்லை வாஷிங்டனில் உட்கார்ந்திருந்த எழுத்தர்கள் தங்களிடம் இருந்த படைப்பட்டியல்களோடு ஒப்பிட்டார்கள். ஓய்வூதிய ஆணையராக 1833 முதல் 1850 வரை இருந்த ஜேம்ஸ் எட்வர்ட்ஸின் கையெழுத்தோடு, ‘மேலும் சான்று தேவை’ என்ற பொருளில் கடிதங்கள் ஊர் ஊராகப் போயின.

பதிவேடு அரசிடம் இருந்திருக்குமே, பிறகு ஏன் மனுதாரரிடம் கேட்டார்கள்?

1800 நவம்பரில் போர்த்துறை அலுவலகம் தீப்பிடித்து எரிந்தது. அதற்கு முன் வந்த ஓய்வூதிய மனுக்கள் அதில் போயின. 1814 ஆகஸ்டில் பிரிட்டிஷ் படை வாஷிங்டனைக் கொளுத்தியபோது இன்னும் கொஞ்சம் போனது. ஊர்ப்படைகளுக்கோ தொடக்கத்திலிருந்தே ஒழுங்கான பட்டியல் கிடையாது. ஆக அரசு தொலைத்த காகிதத்தைக் கிழவர்கள் தேடிக் கொண்டுவர வேண்டியிருந்தது. டிஸ்சார்ஜ் சீட்டு சட்டைப்பையில் நைந்து போயிருக்கும், அல்லது யாரோ வியாபாரியிடம் போயிருக்கும். இருந்த ஒரு நல்ல சாட்சி, கூடச் சண்டை போட்ட தோழன். அவன் உயிரோடு இருக்கிறானா, மேற்கே எந்த மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தான் என்று தேடிப் பிடிக்க வேண்டும்.

விதவைகளுக்கு எப்போது, எவ்வளவு கிடைத்தது?

விதவைச் சட்டங்களின் வரலாறே ஒரு தேதியின் வரலாறுதான். அந்தத் தேதி கல்யாணத் தேதி.

1836 ஜூலை 4 சட்டம், கணவரின் கடைசிப் படைச்சேவை முடியும் முன்பே அவரைக் கட்டியிருந்த விதவைகளுக்கு மட்டும் கொடுத்தது. அவர் போரில் இருந்தபோது வீட்டில் காத்திருந்தவளுக்கு என்பது அதன் நியாயம். 1838-ல், 1794-க்கு முன் மணந்தவர்களுக்கு ஐந்தாண்டு ஓய்வூதியம். 1848-ல் எல்லை 1800 வரை நகர்ந்தது. 1853-ல் மணத் தேதி நிபந்தனையே எடுக்கப்பட்டது. பயனடையக்கூடியவர்கள் செத்துக் குறையக் குறையச் சட்டம் தாராளமானது என்று சொன்னால் கடுமையாக இருக்கும். ஆனாலும் வரிசையைப் பார்த்தால் வேறு எப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

ஆக, விதவை இரண்டை நிரூபிக்க வேண்டும். கணவர் படையில் இருந்தார், நான் அவரை இன்ன தேதியில் மணந்தேன். முதலாவது அவள் கண்ணால் பார்க்காதது. இரண்டாவதற்குப் பதிவேடு எப்போதும் இருப்பதில்லை. எல்லைப்புறக் கிராமங்களில் ஊர் ஊராய்ச் சுற்றும் பாதிரியார் வந்தபோது நடந்த கல்யாணத்துக்கு யார் காகிதம் எழுதினார்கள்? அப்போது கைகொடுத்தது குடும்ப பைபிள். கல்யாணம், பிறப்பு, இறப்பு எல்லாவற்றையும் அதன் நடுத்தாள்களில் எழுதிவைப்பது வழக்கம். அந்தத் தாளைக் கிழித்து மனுவோடு வைத்தார்கள். பென்சில்வேனியாவின் ஜெர்மன் குடும்பங்கள் பூவும் பறவையும் வரைந்த பிறப்புச் சான்றுத் தாள்களையே அனுப்பினார்கள். அலுவலகம் எதையும் திருப்பித் தருவதாக இல்லை. கோப்புகளில் அவை இன்றும் இருக்கின்றன.

செல்வாக்குள்ளவர்களுக்கு வேறொரு வழி இருந்தது: காங்கிரஸில் தன் பெயருக்கே ஒரு தனிச் சட்டம். நாட்டின் முதல் நிதியமைச்சரான அலெக்சாண்டர் ஹாமில்டன் தனக்குச் சேர வேண்டிய அதிகாரிச் சலுகையை வேண்டாம் என்று விட்டவர். அவர் துப்பாக்கிச் சண்டையில் இறந்து கடன் மிஞ்சியபோது, மனைவி எலிசபெத் விடாமல் முயன்று 1816-ல் 10,000 டாலருக்கு மேல் பெற்றார். சாதாரணச் சிப்பாயின் விதவைக்கு அப்போது எந்தச் சட்டமும் இல்லை, இன்னும் இருபது ஆண்டு பொறுக்க வேண்டியிருந்தது.

விதவையின் வாக்குமூலத்தில் அவளுடைய கதை வருமா?

சில நேரம் கணவர் கதையைவிட நன்றாகவே வரும். சாரா ஆஸ்போர்ன் 1837-ல் பென்சில்வேனியாவில், எண்பது வயதைத் தாண்டிய பிறகு, கொடுத்த வாக்குமூலத்தைப் பாருங்கள். கணவர் ஏரன் ஆஸ்போர்ன் அவளிடம் சொல்லாமலேயே மறுபடி படையில் சேர்ந்தவர், பிறகு அவளையும் கூட வரச் சொன்னார். படையோடு நடந்தே போனாள். துணி துவைத்தாள், தைத்தாள், சமைத்தாள். 1781-ல் யார்க்டவுன் முற்றுகையின்போது பதுங்குகுழியில் கிடந்தவர்களுக்கு மாட்டிறைச்சி, ரொட்டி, பெரிய பாத்திரத்தில் காபி என்று சுமந்து கொடுத்தாள்.

ஒருநாள் ஜார்ஜ் வாஷிங்டனே எதிர்ப்பட்டு, பீரங்கிக் குண்டுக்குப் பயமில்லையா என்று கேட்டாராம். ஆண்கள் சண்டையும் போட்டுக்கொண்டு பட்டினியும் கிடக்க முடியாதே என்றாளாம் இவள். உண்மையில் நடந்ததா என்று சரிபார்க்க வழியில்லை. சத்தியம் செய்து சொல்லியிருக்கிறாள், அவ்வளவுதான்.

போருக்குப் பின் ஏரன் அவளை விட்டுவிட்டு வேறொருத்தியைக் கட்டிக்கொண்டார். அவளும் மறுமணம் செய்து அந்தக் கணவரையும் இழந்திருந்தாள். விட்டுப்போன கணவரின் பெயரில்தான் அவளுக்கு ஓய்வூதியம் கிடைத்தது. யார்க்டவுனில் சுமந்த காபிக்கென்று சட்டத்தில் பிரிவு ஏதும் இல்லை.

துப்பாக்கி ஏந்திய பெண்கள்?

இரண்டு பேரைச் சொல்ல வேண்டும். மார்கரெட் கார்பின், 1776 நவம்பரில் ஃபோர்ட் வாஷிங்டன் கோட்டையில் கணவர் விழுந்ததும் அவருடைய பீரங்கியை இயக்கி, கையில் படுகாயம் அடைந்தவர். 1779-ல் காங்கிரஸ் அவருக்கு ஆயுளுக்கும் சிப்பாயின் பாதிச் சம்பளம் தந்தது.

டெபோரா சாம்ப்சன், ராபர்ட் ஷர்ட்லிஃப் என்ற ஆண்பெயரில் மாசசூசெட்ஸ் படைப்பிரிவில் 1782-ல் சேர்ந்து சுமார் ஒன்றரை ஆண்டு இருந்தார். அவருக்காக 1804-ல், விடுதலைப் போராட்டத்தில் பேர் பெற்ற பால் ரிவியர் ஒரு காங்கிரஸ் உறுப்பினருக்குக் கடிதம் எழுதினார். அடுத்த ஆண்டு ஊனமுற்றோர் பட்டியலில் மாதம் 4 டாலர் கிடைத்தது, 1818 சட்டத்தின்கீழ் அது 8 ஆனது. அவர் 1827-ல் இறந்த பின் கணவர் பெஞ்சமின் கேனட் மனு போட்டார். விதவைக்குச் சட்டம் உண்டு, மனைவியை இழந்த ஆணுக்கு ஏது? காங்கிரஸ் யோசித்து முடிப்பதற்குள் அவரும் போய்விட்டார். 1838-ல் வாரிசுகளுக்கு 466 டாலர் 66 சென்ட் தரச் சட்டம் இயற்றினார்கள்.

கறுப்பினச் சிப்பாய்களுக்குக் கொடுத்தார்களா?

பலருக்குக் கொடுத்தார்கள். 1818, 1832 சட்டங்களில் நிறம் நிபந்தனையாக இல்லை. ஆனால் அடிமையாக இருந்தவருக்குப் பெயரே சிக்கல். சேரும்போது எஜமானர் குடும்பப் பெயர், விடுதலைக்குப் பின் தானே வைத்துக்கொண்ட பெயர், இரண்டும் ஒருவரே என்று நிரூபிக்க வேண்டும்.

ஜெஹு கிராண்ட் வழக்கு இன்னும் மோசம். ரோட் ஐலண்டில் பிரிட்டிஷ் ஆதரவாளரான எஜமானரிடமிருந்து 1777-ல் தப்பி ஓடி, அமெரிக்கப் படையில் வண்டியோட்டியாகவும் உதவியாளராகவும் சுமார் பத்து மாதம் இருந்தார். எஜமானர் தேடி வந்து கேட்டதும் படை அவரைத் திருப்பி ஒப்படைத்துவிட்டது. 1832 சட்டத்தின்கீழ் மனு போட்டார். சேவையின்போது அவர் தப்பியோடிய அடிமை என்ற காரணத்தால் மறுத்தார்கள். 1836-ல், பார்வை போன முதுமையில், மறுபடி கடிதம் எழுதினார். எல்லோரும் விடுதலை விடுதலை என்று பேசியதைக் கேட்டுத்தான் ஓடினேன் என்ற பொருள்பட அதில் இருக்கிறது. பதில் மாறவில்லை.

போலி மனுக்கள் இல்லையா?

இருந்தன. வர்ஜீனியாவின் லூயிஸ் கவுண்டியில் 1834–35-ல் அரசு வழக்கறிஞர் சிங்கிள்டன் வீடு வீடாகப் போய் ஓய்வூதியக்காரர்களை விசாரித்து, போரின்போது சிறு பிள்ளைகளாக இருந்தவர்கள்கூடப் பட்டியலில் இருந்ததைக் கண்டுபிடித்தார். இவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்துப் பங்கு வாங்கிய ஏஜென்டுகளே பெரும்பாலும் சூத்திரதாரிகள்.

பணம் எப்படிக் கைக்கு வந்தது?

மார்ச் 4, செப்டம்பர் 4 என்று ஆண்டுக்கு இருமுறை. ஒவ்வொரு முறையும் நீதிபதி முன் போய், சான்றிதழில் உள்ள நபர் நான்தான், இன்னும் உயிரோடு இருக்கிறேன் என்று பிரமாணம் செய்ய வேண்டும். நம்மூர்ப் பென்ஷன்காரர்கள் உயிர்வாழ் சான்றிதழுக்கு நிற்பது போலத்தான். தொலைவில் இருப்பவர்கள் அதிகாரப் பத்திரம் கொடுத்து ஆள் அனுப்பினார்கள், அந்த ஆளுக்கும் ஒரு பங்கு போகும். கடனுக்காக இந்தப் பணத்தை யாரும் பறிமுதல் செய்ய முடியாது என்று 1832 சட்டம் சொன்னது நல்ல விஷயம்.

உள்நாட்டுப் போருக்குப் பின் நிலைமை சுலபமானதா?

வேகமானது, பெரிதானது. சுலபமானதா என்பது யாரைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது.

இந்த முறை யாரும் 35 ஆண்டு காக்கவில்லை. சண்டை நடக்கும்போதே 1862 ஜூலை 14-ல் சட்டம் வந்தது. சேவையால் முழுதாக உடல் முடங்கிய சிப்பாய்க்கு மாதம் 8 டாலர், உயர் அதிகாரிக்கு 30 வரை. இறந்தவரின் விதவைக்கும், 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும், அவரையே நம்பியிருந்த தாய், சகோதரிகளுக்கும் இடம் இருந்தது. இப்போது படைப்பதிவேடு அரசிடம் இருந்தது. எனவே கேள்வி சேவையிலிருந்து உடம்புக்கு மாறியது: இந்த வயிற்றுப்போக்கு, இந்த மூட்டுவலி படையில் வந்ததா, பிறகு வந்ததா? மருத்துவர் குழு பரிசோதித்து ஊனத்தை பின்னத்தில் எழுதியது. சந்தேகம் வந்தால் சிறப்பு விசாரணை அதிகாரி ஊருக்கே வந்து அக்கம்பக்கத்தாரைக் கேட்பார்.

1879 நிலுவைச் சட்டம், மனு போட்ட நாளிலிருந்து அல்லாமல் டிஸ்சார்ஜ் ஆன நாளிலிருந்தே மொத்தமாகப் பணம் தந்தது. மனுக்கள் வெள்ளமாக வந்தன. 1890 சட்டம் இன்னும் ஒரு படி போனது: 90 நாள் சேவை, நல்லபடியாக டிஸ்சார்ஜ், இப்போது உடல் உழைப்புக்கு முடியாத நிலை. ஊனம் போரில் வந்திருக்க வேண்டியதில்லை. 1893-ல் ஓய்வூதியம் பெற்றவர்கள் ஏறக்குறைய 9,66,000 பேர். மத்திய அரசின் வருவாயில் ஐந்தில் இரண்டு பங்கு இதற்கே போனது.

இதில் அரசியல் இருந்ததா?

நிறைய. முன்னாள் படைவீரர் வாக்கு குடியரசுக் கட்சியின் பலம். மனு ஒன்றுக்கு 10 டாலர் கட்டணத்தில் ஆயிரக்கணக்கான மனுக்களை நடத்திய ஜார்ஜ் லெமன் என்ற வாஷிங்டன் ஏஜென்ட், படைவீரர்களுக்காக ஒரு பத்திரிகையையே 1877-ல் தொடங்கினார். சட்டம் தாராளமாக வேண்டும் என்று அது எழுத எழுத, அவருக்கு வாடிக்கையாளர் கூடினார்கள். மறுபக்கம் அதிபர் குரோவர் கிளீவ்லாந்து தனிநபர் ஓய்வூதிய மசோதாக்களை ஒவ்வொன்றாகப் படித்து நூற்றுக்கணக்கில் நிராகரித்தார். 1889-ல் ஆணையரான ஜேம்ஸ் டானர், போரில் இரண்டு கால்களையும் இழந்தவர், கருவூல உபரியைக் கடவுள்தான் காப்பாற்ற வேண்டும் என்று பேசியதாகப் பெயரெடுத்து, சில மாதங்களிலேயே பதவி விலக நேர்ந்தது.

தெற்கின் கூட்டமைப்புப் படையில் இருந்தவர்களுக்கு மத்திய ஓய்வூதியம் இல்லை. அந்தந்தத் தென்மாநிலங்கள் தங்களால் முடிந்த சிறு தொகையைத் தந்தன.

உள்நாட்டுப் போர் விதவைகள் எதைச் சந்தித்தார்கள்?

கண்காணிப்பை. மறுமணம் செய்தால் ஓய்வூதியம் நிற்கும். கல்யாணம் செய்யாமல் ஒருவரோடு வாழ்ந்தாலும் நிற்கும் என்று 1882-ல் சட்டமே போட்டார்கள். அப்புறம் கேட்க வேண்டுமா? மொட்டைக் கடிதங்கள் வரும், அதிகாரி வருவார், அவள் வீட்டில் இரவில் யார் தங்குகிறார்கள் என்று பக்கத்து வீட்டாரிடம் கேட்டு எழுதிக்கொள்வார்.

அடிமைகளாக இருந்த பெண்களுக்கு இன்னும் அடிப்படையான தடை. அடிமைகளின் கல்யாணத்தைத் தென்மாநிலச் சட்டம் கல்யாணமாகவே ஏற்கவில்லை. கறுப்பினச் சிப்பாய்களைத் தெற்குப் படை கொன்று குவித்த ஃபோர்ட் பில்லோ படுகொலையில் 1864 ஏப்ரலில் இறந்த மேஜர் லயனல் பூத்தின் மனைவி, தன் கணவரின்கீழ் இருந்த கறுப்பினச் சிப்பாய்களின் குடும்பங்களுக்காக அதிபர் லிங்கனை நேரில் பார்த்துப் பேசினார். லிங்கன் செனட்டர் சார்ல்ஸ் சம்னருக்கு எழுதினார். அவ்வாண்டு ஜூலையில் வந்த சட்டம், சேர்ந்து வாழ்ந்ததற்கான சாட்சியத்தையே கல்யாணச் சான்றாக ஏற்றது.

ஹாரியட் டப்மன் பெயரைப் பலரும் அறிவார்கள். அடிமைகளை வடக்கே தப்புவித்தவர், போரில் செவிலியாகவும் வேவுகாரராகவும் தென் கரோலினாவில் பணியாற்றியவர். அந்தப் பணிக்குப் பல ஆண்டு கேட்டும் ஓய்வூதியம் வரவில்லை. இரண்டாம் கணவர் நெல்சன் டேவிஸ் இறந்த பிறகு விதவையாக மனு போட்டார். கணவர் படையில் நெல்சன் சார்ல்ஸ் என்ற பெயரில் இருந்தார், அதை விளக்க வேண்டியிருந்தது. முதல் கணவர் இறந்துவிட்டார் என்பதற்கும் சான்று வேண்டும். 1895-ல் மாதம் 8 டாலர் கிடைத்தது. 1899-ல் காங்கிரஸ் தனிச் சட்டத்தால் அதை 20 ஆக்கியது. 

கடைசியாக ஓய்வூதியம் வாங்கியவர் யார்?

விடுதலைப் போர்ப் பட்டியலில் கடைசிப் படைவீரர் டேனியல் பேக்மன், 1869-ல் இறந்தார். சேவைக்குச் சான்று காட்ட முடியாததால் 1867 வரை அவருக்குக் கிடைக்கவில்லை, காங்கிரஸ் தனிச் சட்டம் போட்டுத் தந்தது. கடைசி விதவை வெர்மான்ட்டின் எஸ்தர் டேமன். எழுபதைத் தாண்டிய நோவா டேமனை 1835-ல், தன் 21-ஆம் வயதில் மணந்தவர், 1906 வரை வாழ்ந்தார். ஓய்வூதியத்துக்காகவே இப்படி மணந்தார்கள் என்று பின்னாளில் கேலி பேசினார்கள். ஆனால் அவர் மணந்தபோது எந்தச் சிப்பாயின் விதவைக்கும் சட்டம் வந்திருக்கவில்லை.

உள்நாட்டுப் போர்ப் பட்டியல் நம் காலம்வரை வந்தது. வட கரோலினாவின் மோஸ் டிரிப்லெட், முதலில் தெற்குப் படையில் இருந்து விட்டோடி வடக்குப் படையில் சேர்ந்தவர். அவருடைய முதுமையில் பிறந்த மகள் ஐரீன், மாதம் 73 டாலர் 13 சென்ட் வாங்கிவந்தார். 2020 மே மாதம்தான் இறந்தார்.

இந்தக் கோப்புகளை நான் பார்க்க முடியுமா?

முடியும். விடுதலைப் போர்க் கோப்புகள் மட்டும் சுமார் 80,000. அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் அவற்றின் படங்கள் இருக்கின்றன. பழைய கையெழுத்தைத் தன்னார்வலர்கள் படித்துத் தட்டச்சு செய்துவருகிறார்கள். கோப்பு எண்ணுக்கு முன்னால் உள்ள எழுத்தைக் கவனியுங்கள்: எஸ் என்றால் படைவீரரே பெற்றது, டபிள்யூ என்றால் விதவை பெற்றது, ஆர் என்றால் மறுக்கப்பட்டது. மறுக்கப்பட்ட கோப்பு என்று ஒதுக்க வேண்டாம். திரும்பத் திரும்பச் சான்று அனுப்பியதால் அவை பல நேரம் தடிமனாக இருக்கும். பெயரின் எழுத்துக்கூட்டலை மாற்றி மாற்றித் தேடுங்கள், குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். பெண்களைக் கணவர் பெயரில் தேடுங்கள். சாராவின் வாக்குமூலம்கூட ஏரன் ஆஸ்போர்ன் கோப்பில்தான் கிடைக்கும்.